புது சூப்பர்மேன்: எது மனசில் நின்றது, எது இடிக்கிறது? ஸ்பாய்லர் உண்டு

மாம்பலம் ரகு:

ஜேம்ஸ் கன் இயக்கிய 2025 சூப்பர்மேன் படத்தை வெள்ளிக்கிழமை ராத்திரிக் காட்சி, ராயப்பேட்டையில், ஆங்கிலத்தில் பார்த்தேன். ரெண்டு நாளாகியும் தலையை விட்டு இறங்கவில்லை, அதனால்தான் இந்த இழை. இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் பிடித்தது. சூப்பர்மேன் பிறந்த க்ரிப்டான் கிரகம் வெடிப்பதையும் குழந்தையை ராக்கெட்டில் அனுப்புவதையும் 1978-ல் ஒரு முறை, 2013-ல் ஒரு முறை விலாவாரியாகப் பார்த்தாச்சு. ஜேம்ஸ் கன் அதைத் திரையில் ஓடும் சில வரி எழுத்திலேயே கடந்துவிடுகிறார். மூன்று நூற்றாண்டுக்கு முன், மூன்று பத்தாண்டுக்கு முன், மூன்று வருடத்துக்கு முன் என்று இறங்கிக்கொண்டே வந்து, மூன்று நிமிடத்துக்கு முன் சூப்பர்மேன் முதல் தடவையாகத் தோற்றுப்போனான் என்பதில் வந்து நிற்கிறது. அடுத்த ஷாட்டில் அண்டார்டிகா பனியில் வந்து விழுகிறான். வாயில் ரத்தம். மூச்சுவிடத் திணறுகிறான். விசிலடித்து நாயைக் கூப்பிட்டால், அது அடிபட்ட உடம்பு மேலேயே ஏறிக் குதித்து விளையாடுகிறது. அறிமுகக் காட்சியில் ஹீரோவின் காலைக் காட்டியதுமே பேப்பர் பறக்கவிடும் ஊர் நம்முடையது. அங்கே தோற்று விழுந்தவனைப் பார்த்து அரங்கம் மொத்தமும் அமைதியானது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ரெண்டாவது, லோயிஸ் வீட்டில் நடக்கும் பேட்டி. படத்திலேயே சிறந்த இடம் அதுதான். அவளுக்குப் பிடிக்குமே என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலை டிபன் சமைத்து வைத்திருக்கிறான். அவள் ரெக்கார்டரை ஆன் செய்ததும் காதலி போய் நிருபர் வந்துவிடுகிறாள். போரவியா என்ற நாடு பக்கத்து நாடான ஜார்ஹான்பூருக்குள் படையோடு நுழைந்தபோது நீயே போய்த் தடுத்தாயே, யாரைக் கேட்டாய், யார் சார்பில் போனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவனிடம் இருக்கும் பதில் ஒன்றே ஒன்று, ஜனங்கள் சாகப் போகிறார்கள் என்பது. அதை ஆத்திரத்தில் கத்துகிறான். ரெண்டு பேர் சொல்வதும் சரி. நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை மட்டும் வைத்து இவ்வளவு நேரம் ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் நம்மைக் கட்டிப்போட முடிகிறது என்றால் அவனாகவும் அவளாகவும் நடித்த டேவிட் கோரன்ஸ்வெட்டும் ரேச்சல் ப்ராஸ்னஹனும்தான் காரணம்.

இப்போது இடிப்பது. கூட்டம். க்ரீன் லேன்டர்ன், ஹாக்கேர்ள், மிஸ்டர் டெரிஃபிக், மெட்டமார்ஃபோ, வில்லன் லெக்ஸின் கையாளான எஞ்சினீயர், சூப்பர்மேனின் குளோனான அல்ட்ராமேன், நாய், ரோபோக்கள். 129 நிமிடத்தில் இத்தனை பேருக்கும் இடம் கொடுத்ததில், சூப்பர்மேன் சாதாரண ஆளாக வாழும் கிளார்க் கென்ட் காணாமல் போய்விட்டான். டெய்லி பிளானெட் பத்திரிகை ஆபீசில் கண்ணாடி போட்டுக்கொண்டு கூனி நடப்பவனை எவ்வளவு நேரம் பார்த்தோம்? அவன் ஒரு சாதாரண ஆள் என்று கடைசியில் அவனே லெக்ஸிடம் வாய்விட்டுச் சொல்லும்போது, அந்தச் சாதாரண வாழ்க்கையை நாம் கொஞ்சமாவது பார்த்திருக்க வேண்டாமா?

அப்புறம் அந்தப் பெற்றோர் செய்தி, அதாவது க்ரிப்டானிலிருந்து அவனுக்காக அனுப்பிய வீடியோ. அன்பாகப் பேசும் முதல் பாதியை மட்டும் பார்த்து வளர்ந்தவன், அழிந்துபோயிருந்த ரெண்டாவது பாதியை லெக்ஸ் கூட்டம் மீட்டு ஊருக்கே காட்டுகிறது. பெற்ற அப்பா அம்மா, பூமியை ஆளச் சொல்லித்தான் அவனை அனுப்பினார்கள் என்று தெரியவருகிறது. பயங்கரமான திருப்பம். அதை எவ்வளவு சீக்கிரம் கடந்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். ஊரில் வளர்ப்பு அப்பா நாலு வார்த்தை பேசுகிறார், இவன் எழுந்துவிடுகிறான். நீங்கள் சொல்லுங்கள்.

வடபழனி கிடார்:

ரகு அண்ணா, இசையை விட்டுட்டீங்களே! ஜான் வில்லியம்ஸ் 1978-க்குப் போட்ட மெட்டை ஜான் மர்ஃபியும் டேவிட் ஃப்ளெமிங்கும் எலெக்ட்ரிக் கிடாருக்கு மாத்தியிருக்காங்க. பழசுல பித்தளை வாத்தியம் மொத்தமா சேர்ந்து நிமிர்ந்து நிக்கும், ராஜா ஊர்வலம் மாதிரி. இதுல அதே சுரத்தை ஒத்தைக் கிடார் இழுத்து வாசிக்குது. ஒருத்தன் தனியா ரூம்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. கிளப்பில் வாசிக்கிற எனக்கு அந்த இழுப்பைக் கேட்டதும் கை தன்னால நகர்ந்துச்சு.

குறை என்னன்னா மெட்டு வர வேண்டிய இடமெல்லாம் வருது. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் மெட்டு. நாலாவது தடவை வரும்போது சிலிர்ப்பு பாதியாயிடுச்சு. இளையராஜா படங்கள்ல ஒரு தீம் முழுசா வர்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை துண்டு துண்டா மறைஞ்சு வரும்னு கவனிச்சவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

உருக்கு மனிதன் 2013:

நான் எதிர்க்கட்சி. ஹென்றி கேவில்தான் எனக்கு சூப்பர்மேன், அதை மறைக்க விரும்பவில்லை. அவர் நடித்த, ஸ்னைடர் இயக்கிய 2013 படத்தில் பறப்பதற்கு ஒரு எடை இருந்தது. முதல் தடவை பறக்கும்போது தடுமாறி விழுந்து, திரும்ப எழுந்து, தரையில் கையை ஊன்றி, சுற்றியுள்ள கல்லெல்லாம் அதிர்ந்து, அப்புறம் கிளம்புவான். ஒரு மனிதன் கடவுளாக மாறுவதைப் பார்க்கிற பயம் அதில் இருந்தது. இதில் அவன் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அடிதான் வாங்குகிறான். நாயிடம், குளோனிடம், எஞ்சினீயரிடம், லெக்ஸ் ஓரமாக நின்று நம்பர் சொல்லச் சொல்ல. சூப்பர்மேன் என்ற பெயருக்கே ஒரு மரியாதை வேண்டும்.

நகர அழிவைப் பற்றி எல்லாரும் 2013 படத்தைத்தான் திட்டுவார்கள். இதிலும் மெட்ரோபோலிஸ் நடுவில் பிளந்து கட்டடங்கள் சரிகின்றன. ஆட்களை முன்னமே வெளியேற்றிவிட்டார்கள் என்று ஒரு வரி வசனத்தில் கடந்துவிட்டால் போதுமா?

மாம்பலம் ரகு:

உருக்கு சார், வெளியேற்றிவிட்டார்கள் என்ற வசனம் பலவீனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ராட்சத மிருகச் சண்டையைப் பாருங்கள். அவ்வளவு களேபரத்திலும் ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறான். மிருகத்தைக்கூடக் கொல்லாமல் பிடிக்க வழி தேடுகிறான், மற்றவர்கள் அதைக் கொன்றதும் முகம் வாடிப்போகிறது. எடை என்று நீங்கள் சொல்வது உடம்பின் எடை. எனக்கு எடை அந்த முகத்தில் தெரிந்தது.

சாலிகிராமம் காம்ப்:

விஎஃப்எக்ஸ் வேலையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ரோட்டோவில் ஆரம்பித்து இப்போது காம்ப், அதாவது தனித்தனிப் படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் வேலை. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ரோட்டோ என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆளின் ஓரத்தைக் கோடு போட்டுப் பிரித்து எடுப்பது. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். அதில் கொடுமை எது தெரியுமா, காற்றில் ஆடும் துணியும் முடியும். இந்த ஹீரோவுக்கு முதுகில் பறக்கும் கேப் துணி இருக்கிறது, நாய்க்கும் கேப், நாய்க்கு உடம்பெல்லாம் முடி வேறு. அந்த டீமை நினைத்துக்கொண்டேதான் படம் பார்த்தேன்.

இப்போதெல்லாம் பெரிய படங்களில் கிளைமாக்ஸை இருட்டில், மழையில், புகையில் வைப்பார்கள். பாதிக் குறை அதில் மறைந்துவிடும். இந்தப் படம் பெரும்பாலும் பட்டப்பகலில் நடக்கிறது. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, நீலம் நீலமாகவே. பறக்கும்போது ஒளிப்பதிவாளர் ஹென்றி ப்ரஹாம் வைட் லென்ஸை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருக்கிறார். முகம் பெரிதாக நடுவில் நிற்க, பனிமலை ரெண்டு பக்கமும் வளைந்து ஓடுகிறது. அவன் கூடவே நாமும் பறக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படம் விழுந்த இடம் அந்தப் பாக்கெட் யுனிவர்ஸ், லெக்ஸ் வைத்திருக்கும் தனிக் குட்டி உலகம். சிறை, ஆறு, கருந்துளை எல்லாம் வருகிற பகுதி. அங்கே சூரியன் எங்கே, தரை எங்கே, தொடுவானம் எங்கே என்று எதுவும் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கண் நம்பாது. அந்த ஆற்றில் அவர்கள் தத்தளிக்கும்போது எனக்குக் கொஞ்சமும் பதறவில்லை. இது செய்தவர்களின் குறை கிடையாது, எழுதும்போதே வந்த குறை.

பெரம்பூர் அப்பா:

ஏழு வயசுப் பையனோட தமிழ் டப்பிங்ல பார்த்தேன். நாய் வர்ற இடமெல்லாம் சீட்ல நிக்கிறான். அந்தச் சிறைக்குள்ள கடைக்காரர் ஒருத்தரைக் கொல்ற காட்சி வந்ததும் என் மடியில வந்து உக்காந்துட்டான். சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க தெரிஞ்சுக்கோங்க, அது கொஞ்சம் கனமான காட்சி. சான்றிதழ்லயே 13 வயசுன்னு போட்டிருக்கு, நான்தான் கவனிக்கலை.

வடபழனி கிடார்:

அந்தக் கடைக்காரரா நடிச்சவர் பேரு தினேஷ் தியாகராஜன்! பேரைப் படிச்சதும் எனக்கு ஒரு சந்தோஷம். ரெண்டே காட்சிதான், ஆனா ஒரு தடவை ஃபலாஃபெல் காசில்லாம கொடுத்த நட்புக்காக உயிரைக் கொடுக்கிற ஆளா மனசுல நிக்கிறார்.

சாலிகிராமம் காம்ப்:

கடைசி முத்தம் நமக்கு அறுந்து வந்ததை யாரும் சொல்லவில்லையே. தணிக்கையில் 33 விநாடி போய்விட்டது. ரெண்டு பேரும் மேலே எழும்புகிறார்கள், படக்கென்று தாவுகிறது. இத்தனை அடி வாங்கியவனுக்குக் கிடைக்கிற ஒரே நிம்மதியை வெட்டினால் காட்சியின் தாளமே போய்விடுகிறது.

வளசரவாக்கம் நிலா:

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். நான் 1990-ல் ஆறு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். மண்டபம் முகாமில் ஒரு வருஷம், பிறகு சென்னை.

ஜார்ஹான்பூர் எல்லையில் சனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ராணுவத்துக்கு முன்னால் நிற்கும் காட்சியில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. ஒரு பையன் சூப்பர்மேன் சின்னம் போட்ட கொடியை நட்டுவைத்து, வானத்தைப் பார்த்து அவன் பெயரைச் சொல்கிறான். நாங்கள் வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகள். அம்மம்மா என் தலையைத் தன் மடிக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்வா, அந்தச் சேலையின் மண் வாசம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். வானத்திலிருந்து எங்களுக்கு நல்லது எதுவும் வந்ததில்லை. அதனாலேயே அந்தப் பையனின் நம்பிக்கை என்னை உடைத்தது. சூப்பர்மேன் வர முடியாமல் போய், மற்றவர்கள் வந்தார்கள் என்பதும் பிடித்தது. அவன் செய்த ஒன்று மற்றவர்களையும் செய்ய வைத்திருக்கிறது.

ஆனால் ரகு அண்ணா கேட்ட குறைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சனத்துக்குப் பேச்சு இல்லை. அந்தப் பையனுக்குக்கூட நமக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு பெயரோ ஒரு வீடோ இல்லை. போரவியாவின் அதிபருக்கு எத்தனை வசனம், லெக்ஸோடு எத்தனை பேரம்! யார் நிலம் போகிறதோ அவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை தங்களைப் பற்றிச் சொல்லவில்லை. 1938-ல் முதன்முதலில் வெளிவந்த இந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வேற்று மண்ணில் வந்து வளர்ந்தவனின் கதை அது. அந்தக் கதையிலேயே அகதியாகப் போகிறவர்களுக்கு முகம் இல்லாமல் போவது எனக்கு வலிக்கிறது.

உருக்கு மனிதன் 2013:

நிலா அக்கா, இந்தப் படத்தைப் பற்றி நான் படித்ததிலேயே இதுதான் சிறந்த விமர்சனம். நான் அந்தக் காட்சியைச் சண்டைக்கு முந்தைய பில்டப் என்று மட்டும்தான் பார்த்தேன்.

மாம்பலம் ரகு:

நிலா, எழுதியதற்கு நன்றிம்மா. எனக்கும் அந்தச் சனத்தின் ஒரு குரல்கூட ஞாபகத்தில் இல்லை. கொடி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆதம்பாக்கம் வித்யா:

ரகு சார் முதல் பதிவில் பெற்றோர் செய்தியை ஒரு பத்தியில் சொல்லி விட்டுவிட்டார். எனக்குப் படம் முழுக்கவே அதுதான்.

எங்கள் மகளுக்குப் பதினோரு வயது. அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவில் பதிவு செய்து, மூன்றரை வருஷம் காத்திருந்து, ஏழு மாதக் குழந்தையாக எங்களிடம் வந்தாள். நாலு வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பூஜை அலமாரியில் ஒரு விளக்கு அதிகமாக ஏற்றுவோம், அவளைப் பெற்றவளுக்காக. திரி போடுவது அவள் வேலை.

வேளச்சேரியில் மாலைக் காட்சி பார்த்தோம். கடைசிக் காட்சியில் எல்லாரும் அழுதார்கள். சிகிச்சை நடக்கும்போது அவனுக்கு ஆறுதலாக ஓடிக்கொண்டிருந்த பெற்ற அப்பா அம்மாவின் செய்தி போய், அந்த இடத்தில் கென்ட் தம்பதி அவனைத் தூக்கி வளர்த்த வீடியோக்கள் ஓடுகின்றன. எனக்கும் கண் நிறைந்தது. என்னைப் போன்ற ஒரு அம்மாவுக்கு அது எழுதிக் கொடுத்த பட்டயம் மாதிரி. ஆனால் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் இவள் அழவில்லை. ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே இருந்தாள். ஆட்டோவில் வரும்போது மேம்பாலம் ஏறியதும் கேட்டாள், “அப்போ அவனோட அந்த அம்மா கெட்டவங்களாம்மா?” கொஞ்ச நேரம் கழித்து, “என்னோட அந்த அம்மாவும் அப்படி இருந்திருந்தா?”

வீடு வரும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

என் குறை இதுதான். வளர்த்தவர்களை நல்லவர்களாகக் காட்ட, பெற்றவர்களை ஏன் கெட்டவர்களாக்க வேண்டும்? ஒருத்தி நல்லவள் என்றால் இன்னொருத்தி கெட்டவளாகத்தான் இருக்க வேண்டுமா? நம் கர்ணன் கதையில் அப்படி இல்லையே. குந்தி வந்து நிற்கும்போது அவன் ராதையை விட்டுவிட்டு வர மறுக்கிறான். ஆனால் குந்தி அரக்கி இல்லை, பயந்துபோன ஒரு சின்னப் பெண். ரெண்டு தாயும் அவனுக்குத் தாய்தான். அந்தச் சிக்கலோடுதான் நாம் அவனை இத்தனை காலம் தூக்கிச் சுமக்கிறோம். இந்தப் படம் ஒரு வீடியோவை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு முடித்துவிட்டது.

பெரம்பூர் அப்பா:

வித்யா மேடம், அந்தச் செய்தி லெக்ஸ் கூட்டம் திரித்ததா இருக்கலாம் இல்லையா? ரெண்டாவது பாதி அழிஞ்சுபோயிருந்ததை மீட்டதே அந்த எஞ்சினீயர்தானே. பொண்ணுகிட்ட அப்படிச் சொல்லுங்களேன்.

சாலிகிராமம் காம்ப்:

இல்லை சார். நிபுணர்கள் சரிபார்த்ததாகப் படத்துக்குள்ளேயே வருகிறது. அது உண்மையான செய்திதான் என்று கன் பேட்டிகளிலும் சொல்லிவிட்டார். அந்த வழியை அவரே அடைத்துவிட்டார்.

வித்யா அக்கா, ஒன்று சொல்லட்டுமா? முதல் பாதியும் அதே வாயால் சொன்னதுதானே. வானத்தைவிட, நிலத்தைவிட உன்னைத்தான் நேசிக்கிறோம் என்று அழிந்துகொண்டிருக்கும் ஒரு உலகத்திலிருந்து சொல்கிறார்கள். ரெண்டாவது பாதி உண்மை என்பதால் முதல் பாதி பொய்யாகிவிடுமா? சின்ன வயதிலிருந்து அவனைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பாதிதான்.

ஆதம்பாக்கம் வித்யா:

இதை நான் யோசிக்கவில்லை தம்பி.

மாம்பலம் ரகு:

நானும் யோசிக்கவில்லை. முதல் பதிவில் சீக்கிரம் கடந்துவிட்டார்கள் என்று சொன்னேன், ஆனால் என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அவன் தனியாக உட்கார்ந்து அந்தச் செய்தியை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் பார்க்கும் காட்சி இந்தப் படத்தில் இல்லை. பாதியைத் தினமும் பார்த்தான், மீதியை ஊரே பார்த்தபோது டிவியில் பார்த்தான். ரெண்டையும் சேர்த்து ஒரு தடவை பார்க்கட்டும். அந்த அம்மாவின் முகத்தில் அன்பும் இருக்கிறது, அகம்பாவமும் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டபிறகு, வளர்த்தவர்களின் வீடியோவை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பாக்கெட் யுனிவர்ஸ் ஆற்றில் ஐந்து நிமிடம் குறைத்தால் இதற்கு இடம் கிடைத்திருக்கும்.

வளர்ப்பு அப்பா வாசல் பக்கம் உட்கார்ந்து சொல்வதும் அப்போது இன்னும் பலமாகி இருக்கும். பிள்ளை எப்படி ஆக வேண்டும் என்று சொல்வது பெற்றோர் வேலை இல்லை என்கிறாரே, அது வளர்த்தவர்களுக்கும் சேர்த்துத்தானே? அந்த அப்பாவாக நடித்த ப்ரூட் டெய்லர் வின்ஸ் அதைச் சொல்லும்போது குரல் உடைகிறது. அந்தப் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள் என்று எழுதினேன், அதை வாபஸ் வாங்குகிறேன். பேச்சு சரியான நீளம்தான். அதற்கு முன்னால் ஒரு காட்சிதான் குறைகிறது.

உருக்கு மனிதன் 2013:

அந்த ஒரு காட்சி இருந்திருந்தால் நான் கேவிலை விட்டு வந்திருப்பேனா தெரியாது. ஆனால் இந்தப் படத்துக்கு ரெண்டாவது டிக்கெட் எடுத்திருப்பேன்.

வளசரவாக்கம் நிலா:

வித்யா அக்கா, அந்த விளக்கை நிறுத்திவிடாதீங்கோ.

ஆதம்பாக்கம் வித்யா:

நிறுத்தமாட்டேன் நிலா. நேற்று ராத்திரி அவளிடம் அந்த முதல் பாதியைச் சொன்னேன். ரெண்டும் ஒரே அம்மா சொன்னதுதான், நல்லதும் தப்பும் சேர்ந்தேதான் ஆட்கள் இருப்பார்கள் என்று. ஒன்றும் பேசவில்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, “திரும்பப் போலாமா, இந்தத் தடவை தமிழ்ல, பாட்டிக்கும் புரியும்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை நாலு டிக்கெட் போட்டிருக்கிறேன்.